நேரலையை நிறுத்தவும் பதிவு செய்யவும்: ட்யூனர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

புது டிவி வாங்கியவர்கள் பலர் ரிமோட்டில் இரண்டு கோடு போட்ட பொத்தானைக் காட்டி, "இதை அழுத்தினால் கிரிக்கெட் நிற்க மாட்டேன் என்கிறதே, டிவியில் கோளாறா?" என்று கேட்கிறார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. அந்தப் பொத்தான் பென்டிரைவில் இருக்கும் படத்தை நிறுத்தும், செயலிகளில் ஓடுவதை நிறுத்தும். செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வயர் வழியாக வரும் நேரலை அதன் கைக்கு எட்டாது. தஞ்சாவூரில் டிஷ் பொருத்துவதும் டிவி பழுது பார்ப்பதும் என் தொழில். வீட்டுக்கு வீடு இதே கேள்வி வருவதால் விரிவாக எழுதுகிறேன்.

ட்யூனர் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, அந்தப் பெட்டியால்தான் நேரலையை நிறுத்தவும் பதிவு செய்யவும் முடியும். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். டிஷ்ஷிலோ கேபிளிலோ வரும் சிக்னலில் பல சேனல்கள் கலந்து வருகின்றன. அவற்றிலிருந்து நீங்கள் கேட்ட சேனலைப் பிரித்தெடுப்பது ட்யூனர். பிரித்த நிலையில் அது சுருக்கப்பட்ட தரவாக இருப்பதால் அப்படியே டிஸ்க்கில் எழுதிவிடலாம். அதிக இடம் பிடிக்காது. அதையே செட்டாப் பாக்ஸ் விரித்துப் படமாக்கி எச்டிஎம்ஐயில் அனுப்பும்போது அளவு பல நூறு மடங்கு பெருகிவிடுகிறது. நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி என்ற பூட்டும் சேர்ந்துகொள்கிறது. வீட்டு டிவிகள் அந்த வழியில் வருவதைக் காட்டும், பதிவு செய்யாது. சில வீடுகளில் டிவி ரிமோட்டை அழுத்தினாலும் சேனல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே டிவி அந்தக் கட்டளையை எச்டிஎம்ஐ வழியாகப் பாக்ஸுக்கு அனுப்புகிறது, நிறுத்துவது பாக்ஸ்தான்.

எனவே முதல் வேலை, உங்கள் வீட்டில் ட்யூனர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. டிவியின் பின்பக்கம் பாருங்கள். டிஷ் வயரோ ஆன்டெனா வயரோ நேராக டிவியில் திருகப்பட்டிருந்தால் ட்யூனர் டிவிக்குள் இருக்கிறது. அந்த வயர் ஒரு சிறு பெட்டிக்குப் போய், அங்கிருந்து எச்டிஎம்ஐ வயர் டிவிக்கு வந்தால் ட்யூனர் அந்தப் பெட்டியில். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகள் இரண்டாவது வகை. வயரே இல்லாமல் வைஃபையில் செயலி வழியாகப் பார்ப்பவர்கள் மூன்றாவது வகை. அவர்களுக்கு ட்யூனரே கிடையாது, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

நிறுத்துவதும் பதிவு செய்வதும் ஒன்றல்ல

ரிமோட்டில் இரண்டு வசதிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குழப்பம் வருகிறது. நேரலையை நிறுத்துவதற்கு மெனுவில் டைம்ஷிஃப்ட் என்று பெயர். நீங்கள் நிறுத்தினாலும் ஒளிபரப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெட்டி அதை டிஸ்க்கில் எழுதிக்கொண்டே போகிறது. திரும்பி வந்து ஓடவிட்டால், விட்ட இடத்திலிருந்து படித்துக் காட்டுகிறது, அதே நேரத்தில் புதிதாக வருவதை இன்னோர் இடத்தில் எழுதுகிறது. பழைய வீடியோ கேசட்டால் இது முடியாது, ஏனென்றால் நாடா ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும். ஹார்ட்டிஸ்க் வைத்த ரெக்கார்டர்கள் 1999இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிறகுதான் நேரலையை நிறுத்துவது என்பது வீட்டுக்குள் வந்தது. நம் ஊரில் டாடா ஸ்கை பிளஸ் 2008இல் அப்படியொரு பெட்டியைக் கொண்டுவந்தது.

டைம்ஷிஃப்டுக்கு ஒதுக்கிய இடம் பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி. பலகை நிறைந்துவிட்டால் முதல் வரியை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதுகிறது. பல டிவிகள் 90 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரைதான் இப்படிப் பிடித்து வைக்கும். சேனலை மாற்றினால் அழிந்துவிடும், டிவியை அணைத்தாலும் அழிந்துவிடும். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், அடுப்பில் பால் இருக்கிறது என்றால் டைம்ஷிஃப்ட். நாளைக்கும் வேண்டும் என்றால் சிவப்பு வட்டம் போட்ட பதிவுப் பொத்தான். டைம்ஷிஃப்டில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் மறுநாள் வந்து தேடுபவர்களுக்கு எதுவும் கிடைக்காது.

ஃப்ரீ டிஷ் பெட்டியும் ஒரு பென்டிரைவும்

குறைந்த செலவில் முழுச் சுதந்திரம் வேண்டுமென்றால் என் சிபாரிசு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷை 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பார்த்து வைக்க வேண்டும். சன் டைரக்ட் டிஷ்ஷும் அதே திசையைப் பார்த்துத்தான் நிற்கிறது என்பதால், ஏற்கெனவே அது வைத்திருப்பவர்கள் இன்னொரு டிஷ் வாங்க வேண்டியதில்லை. இரண்டு வயர் எடுக்கும் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் கருவி) ஒன்றை மாற்றிப் போட்டால் இரண்டு பெட்டிக்கும் சிக்னல் கிடைக்கும். ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ்த் தனியார் சேனல்கள் மிகக் குறைவு, இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தொடர் பார்ப்பவர்களுக்கு அது பயன்படாது. ஆனால் டிடி தமிழ் வருகிறது. 2024 ஜனவரி வரை பொதிகை என்ற பெயரில் இருந்த சேனல்தான் அது. எங்கள் பக்கத்தில் அதற்காகவே பெட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும் புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவதை நேரலையாகக் காட்டுவார்கள். ஒரு பாட்டு டீச்சர் வீட்டில் அதற்காகவே பெட்டி வைத்துக் கொடுத்தேன். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் ஐந்து கீர்த்தனைகள். அவருக்கு முக்கியமாக வேண்டியிருந்தது வராளி. அந்த ராகத்தைக் குரு நேராகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் மாணவருக்கும் பிணக்கு வரும் என்ற நம்பிக்கை சங்கீத உலகில் இருக்கிறது. ஆகவே அதை மட்டும் பிள்ளைகள் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்ள வேண்டும். "தம்பி, நேரலை ஒரு தடவை போனால் போனதுதான். நிறுத்தி, ஒரு வரியைத் திரும்பக் கேட்க முடிந்தால் போதும்" என்றார். மேடையில் இத்தனை பேர் சேர்ந்து பாடும்போது எங்கே மூச்சு விடுகிறார்கள், எங்கே வயலின் வரிசை மட்டும் தனித்துக் கேட்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அவர் பத்து நொடி பின்னால் போகும் பொத்தானைப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்கே இந்தத் தொழிலில் ஒரு மரியாதை பிறக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். பெட்டி வாங்கும்போது அட்டையில் பிவிஆர் (பதிவு வசதி) என்றும் டைம்ஷிஃப்ட் என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி துளை இருந்தால் மட்டும் போதாது. சில பெட்டிகளில் அது பாட்டும் படமும் பார்க்க மட்டும்தான். படத்தைச் சுருக்கும் புதிய முறையான எம்பெக்-4 ஆதரவு உள்ள பெட்டியாகவே வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பெட்டியில் பாதிச் சேனல்கள் திறக்காமல் போகலாம்.

அடுத்தது பென்டிரைவ். இதில்தான் எல்லோரும் சிக்கனம் பார்க்கிறார்கள், இதில்தான் பதிவு கெடுகிறது. எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: சேனல் நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. சாதாரண சேனல் மூன்று மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 1.35 ஜிபி, எச்டி சேனல் எட்டு மெகாபிட் என்றால் மணிக்கு 3.6 ஜிபி. ஆக 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று சாதாரணச் சேனலில் இருபது மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இடத்தைவிட வேகம் முக்கியம். பல பெட்டிகளில் பிவிஆர் மெனுவுக்குள் வேகச் சோதனை என்று ஒன்று இருக்கும். பென்டிரைவைச் செருகி அதை ஓடவிட்டால் நொடிக்கு எத்தனை எம்பி எழுதுகிறது என்று காட்டும். எச்டி சேனலுக்குக் கணக்குப்படி ஒரு எம்பி போதும். ஆனால் டைம்ஷிஃப்டில் எழுதுவதும் படிப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஐந்து எம்பியாவது காட்டாத பென்டிரைவை நான் ஏற்பதில்லை. அடிக்கடி டைம்ஷிஃப்ட் பயன்படுத்துபவர்கள் சிறிய எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) வாங்கிவிடுவது நல்லது. எழுதி எழுதி மலிவான பென்டிரைவ்கள் சூடேறிச் சீக்கிரம் செத்துப்போகின்றன.

பழைய லேப்டாப்பின் ஹார்ட்டிஸ்க்கை உறைபோட்டு மாட்ட விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூஎஸ்பி 2 துளை தரும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்கும். டிக், டிக் என்று சத்தம் வந்து பெட்டி திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தால் காரணம் அதுவே. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வைத்தால் தீர்ந்துவிடும்.

ஃபார்மேட் செய்வதைப் பெட்டியிலேயே செய்யுங்கள். அதற்கு முன் பென்டிரைவில் இருக்கும் குழந்தையின் பிறந்தநாள் படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், எல்லாம் அழிந்துவிடும். ஃபேட்32 என்ற ஃபார்மேட் முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நல்ல பெட்டிகள் அந்த எல்லை வந்ததும் அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். சில பெட்டிகள் அங்கேயே நின்றுவிடும். உங்கள் பெட்டி எந்த ரகம் என்பது முக்கியமான நாளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மூன்றரை மணி நேரம் ஏதாவது ஒரு சேனலைப் பதிவு செய்து பார்த்தால் தெரிந்துவிடும். பெட்டியின் மெனுவில் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்ற தேர்வு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அதிகாலை நேரலைக்கு டைமர் வைப்பது

வைகுண்ட ஏகாதசி அன்று ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறப்பது விடியலுக்கு முன். கண் விழித்துப் பார்க்க முடியாத பெரியவர்களுக்காக டைமர் வைக்கச் சொல்லிப் பலர் கூப்பிடுவார்கள். டைமர் தவறுவதற்கு நான் பார்த்த காரணங்கள் மூன்று.

முதலாவது கடிகாரம். பெட்டிக்கு நேரம் செயற்கைக்கோள் வழியாகச் சர்வதேச நேரமாக வருகிறது. மெனுவில் நேர மண்டலத்தை ஜிஎம்டி +5:30 என்று நாம் வைக்க வேண்டும். அதை வைக்காத பெட்டியில், நமக்கு அதிகாலை நான்கு மணி ஆகும்போது முந்தைய இரவு 10:30 என்று காட்டும். அந்தப் பெட்டியில் நான்கு மணிக்கு டைமர் வைத்தால் பதிவு தொடங்குவது காலை 9:30க்கு. வாசல் திறந்து, கூட்டம் கலைந்துகொண்டிருக்கும். டைமர் வைக்கும் முன் பெட்டியின் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அரை நிமிட வேலை.

இரண்டாவது சுவர் ஸ்விட்ச். இரவு படுக்கப் போகும்போது எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம், நல்ல பழக்கமும்கூட. டைமர் வைத்த இரவில் மட்டும் அதைக் கைவிட வேண்டும். ரிமோட்டில் அணைத்தால் பெட்டி தூங்கும், நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். சுவரில் அணைத்தால் அது விழிக்காது. ஸ்விட்ச் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி "அணைக்காதீர்கள்" என்று எழுதிவிடுங்கள். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அது வேலை செய்கிறது. டிவியை அணைக்கலாம், ட்யூனர் பெட்டியில் இருப்பதால் பதிவுக்கு டிவி தேவையில்லை.

மூன்றாவது மின்தடை. பெட்டியை இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். பெட்டி இழுப்பது ஒரு சிறு பல்பின் அளவு மின்சாரம்தான். சில இன்வெர்ட்டர்கள் மாறும் நொடியில் பெட்டி ஒருமுறை அணைந்து எரியும். பதிவு அங்கே அறுந்துபோகும், பல பெட்டிகள் தானாகத் திரும்பத் தொடங்காது. வைஃபை ரூட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் சிறு யூபிஎஸ் இதற்குக் கச்சிதம், உங்கள் பெட்டியின் அடாப்டரிலும் 12 வோல்ட் என்று இருந்தால்.

முன்னால் பத்து நிமிடமும் பின்னால் அரை மணி நேரமும் சேர்த்தே டைமர் வையுங்கள். கோயில் நிகழ்ச்சியும் கச்சேரியும் அட்டவணைப்படி முடிவதில்லை. இன்னொன்று, பெட்டியில் ஒரே ட்யூனர் என்றால் பதிவு நடக்கும்போது வேறு சேனல் பார்க்க முடியாது. ஒரே அலைவரிசையில் வரும் பக்கத்துச் சேனல்களை மட்டும் சில பெட்டிகள் அனுமதிக்கும். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேண்டும் என்றால் இரண்டு பெட்டி.

மழை பற்றி ஒரு வார்த்தை. ஃப்ரீ டிஷ்ஷும், வீட்டு டிஷ்ஷுக்கு நேராக வரும் மற்ற டிடிஎச் சேவைகளும் வருவது கேயு பேண்ட் என்ற உயர் அதிர்வெண் அலையில். கனத்த மழைத்துளி அந்த அலையை விழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நேரலை கட்டம் கட்டமாக உடைவது அதனால். மழையை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வெயில் நாளிலேயே சிக்னல் தரம் விளிம்பில் இருக்கும் டிஷ், தூறலுக்கே கைவிட்டுவிடும். பெட்டியின் மெனுவில் சிக்னல் தரத்தைப் பார்த்து, குறைவாக இருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே டிஷ்ஷின் திசையைச் சரிசெய்து, எல்என்பி முனையில் துருப்பிடித்த கனெக்டரையும் மாற்றிவிடுங்கள்.

கட்டண டிடிஎச், டிவிக்குள் ட்யூனர், செயலி

கட்டண டிடிஎச் நிறுவனங்களின் பதிவுப் பெட்டிகளிலும் வழி இதே. வித்தியாசம் பூட்டில் இருக்கிறது. அவற்றில் செய்த பதிவு அந்தப் பெட்டியில் மட்டும் ஓடும், கணினியில் போட்டால் திறக்காது, சந்தா நின்றுபோனால் பெரும்பாலும் பழைய பதிவும் திறக்காது. வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மாடலில் பதிவு வசதி இருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? உள்ளூர் கேபிளின் டிஜிட்டல் சிக்னலும் பூட்டப்பட்டதே. அதனால் டிவியில் கேபிள் ட்யூனர் இருந்தாலும் வயரை நேராகச் செருகிப் பயனில்லை.

டிவிக்குள்ளேயே செயற்கைக்கோள் ட்யூனர் வைப்பதற்கு இந்தியத் தரநிர்ணய அமைவனம் ஐஎஸ் 18112:2022 என்ற தரவரையறையை வெளியிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட டிவியில் டிஷ் வயரை நேராகப் போட்டு ஃப்ரீ டிஷ் பார்க்கலாம். பதிவு வசதி அதனுடன் கட்டாயம் வரும் என்று நினைக்க வேண்டாம். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரித் தோற்றமுள்ள டிவியில்கூட நாட்டுக்கு நாடு இந்த வசதி இருக்கும், இல்லாமலும் போகும். வெளிநாட்டு யூடியூப் விளக்கத்தைப் பார்த்து இங்கே டிவி வாங்காதீர்கள். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, இந்தியாவுக்கான கையேட்டில் பதிவு, டைம்ஷிஃப்ட் என்ற சொற்களைத் தேடுங்கள். இருந்தால், டிஸ்க்கை டிவியே ஃபார்மேட் செய்து தன்னோடு இணைத்துக்கொள்ளும். அந்தப் பதிவுகள் வேறு டிவியில் ஓடாது. போர்டு பழுதாகி மாற்றினால் பழைய பதிவுகளைத் திறக்க வழி இருக்காது. அதனால் வைத்துக் காக்க வேண்டியதை டிவியில் பதிவு செய்ய நான் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு அழிப்பதற்கு அது நல்ல வசதி.

செயலியில் நேரலை பார்ப்பவர்களுக்கு டிஸ்க்கே வேண்டாம். நிறுத்தினால் நிற்கும், பல ஒளிபரப்புகளில் பின்னால் இழுத்தும் பார்க்கலாம், ஏனென்றால் பிடித்து வைப்பது அவர்களுடைய சர்வர். எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பதும் நாளைக்கும் இருக்குமா என்பதும் அவர்கள் கையில். நேரலை டிஷ்ஷைவிடச் சில நொடிகள், சில நேரம் அரை நிமிடம்கூடப் பின்தங்கி வரும். பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்த கூச்சல் முதலில் கேட்கும்.

பதிவு செய்த பிறகு

ஃப்ரீ டிஷ் பெட்டிகள் பெரும்பாலும் ஒளிபரப்பில் வந்தபடியே, பூட்டாத டிஎஸ் என்ற வகைக் கோப்பாக எழுதுகின்றன. பென்டிரைவைக் கணினியில் செருகி விஎல்சி செயலியில் திறந்தால் ஓடும். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள தேவையற்ற பகுதியை வெட்ட இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. படத்தை மறுபடி சுருக்காமல் வெட்டும் வழியைத் தேர்ந்தெடுத்தால் தரம் குறையாது, வேலையும் சில நிமிடங்களில் முடியும்.

சட்டம் பற்றிப் பலர் தயங்கிக் கேட்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 39ஆவது பிரிவில், பதிவு செய்பவரின் சொந்த உபயோகத்துக்காகவும், நேர்மையான கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுக்காகவும் செய்யும் பதிவு ஒளிபரப்பாளரின் உரிமையையும் கலைஞரின் உரிமையையும் மீறியதாகாது என்று இருக்கிறது. பாட்டு டீச்சர் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதில் அச்சப்பட ஒன்றுமில்லை. அதையே யூடியூபில் ஏற்றுவதும், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவதும், பென்டிரைவில் போட்டு விற்பதும் வேறு. பாடியவர்களுக்கும் படம் பிடித்தவர்களுக்கும் சேர வேண்டியதை நாம் எடுத்துக்கொள்வதாகும். யாராவது கேட்டால் நான் செய்து கொடுப்பதில்லை.

பென்டிரைவிலேயே எதையும் விட்டுவைக்காதீர்கள். பதிவு முடிந்த அன்றே கணினிக்கும், முடிந்தால் இன்னொரு டிஸ்க்குக்கும் நகலெடுங்கள். பெட்டி வைக்கும் பெயர் வெறும் எண்களாக இருக்கும். அதை மாற்றி முதலில் ஆண்டு, மாதம், தேதி, பிறகு சேனல், பிறகு நிகழ்ச்சி என்று எழுதினால் கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும். நகல் சரியாக ஓடுகிறதா என்று நடுவிலும் கடைசியிலும் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு பென்டிரைவை மறுபடி ஃபார்மேட் செய்து பெட்டியில் செருகிவிடலாம்.